‘ஆயிரத்தில் ஒருவன்’: இயக்குநர் எதற்குப் பதில் சொன்னார், எதற்குச் சொல்லவில்லை?

கனகராயன் (மாங்குளம்)

உறவுகளுக்கு வணக்கம். விமர்சகர்கள் குறை சொன்ன ஒரு படத்துக்காக அதன் இயக்குநர் வாதாடலாமா, வாதாடுவதென்றால் எதைச் சொல்லி வாதாட வேண்டும் என்பதைப் பற்றி இந்த இழையில் பேச விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக நான் முன்வைப்பது செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’.

படம் 2010 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு வெளியானது. பாண்டியரிடமிருந்து தப்பி ஒரு தீவில் ஒளிந்து வாழும் சோழர் வழித்தோன்றல்களைத் தேடிப் போகும் கதை அது. முதற் பாதியின் சாகசப் பயணத்தைப் பாராட்டிய பலர் இரண்டாம் பாதி புரியவில்லை என்றும், குரூரம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றும், சோழர்களைக் காட்டுவாசிகளைப் போலக் காட்டிவிட்டார்கள் என்றும் எழுதினார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, 2021 இல், இயக்குநர் சமூக ஊடகத்தில் ஒரு விளக்கம் சொன்னார். படத்தின் உண்மையான செலவு 18 கோடி ரூபாய்தான், பரபரப்புக்காக 32 கோடி என்று அறிவித்தோம், போட்ட பணத்தை எடுத்த பிறகும் அந்தப் பொய்க் கணக்கால் அது சுமாரான படமாகவே எண்ணப்பட்டது என்பது அதன் சாரம். ஒரு படைப்பாளி தான் சொன்ன பொய்யைத் தானே வெளியில் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் அது வசூலைப் பற்றிய பதில். படத்தைப் பற்றிய பதில் அதில் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு வன்னிச் சனம் எங்கே இருந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். 2009 மே மாதம் போர் முடிந்த பின்னர், பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மனிக்பாம் முகாமின் தறப்பாள்களுக்குக் கீழே இருந்தார்கள். வெளியே வந்தவர்களும் சொந்தக்காரர் வீடுகளில் ஒதுங்கியிருந்தார்கள். ஆகவே படம் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு எழுதப்பட்டபோது நாங்கள் பார்வையாளர் வரிசையிலேயே இருக்கவில்லை. பிறகு இறுவட்டிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தோம். பார்த்தபோது, சென்னையில் புரியவில்லை என்று சொல்லப்பட்ட இரண்டாம் பாதிதான் எங்களுக்கு முதலில் புரிந்தது. பசியில் ஒட்டிப்போன உடல்களோடு அரசன் முன்னே நிற்கும் குடிகளையும், எங்கிருந்தோ ஒரு தூதன் வந்து தங்களை மீட்பான் என்று தலைமுறைகளாகக் காத்திருப்பவர்களையும், கடைசியில் துவக்குகளோடு வந்திறங்கும் படையையும் எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் விமர்சகர்கள் பிழைவிட்டார்களா, இயக்குநர் சரியாகச் செய்ததைச் சொல்லத் தவறினாரா, அல்லது நாங்கள் எங்கள் துயரத்தை அந்தப் படத்தின் மேல் ஏற்றிப் பார்க்கிறோமா? நிதானமாக எழுதுங்கள்.

பரந்தன் சந்தி

கனகராயன் அண்ணாவுக்கு வணக்கம். இயக்குநர் படத்தை எடுத்து முடித்த பின்னர் வாயைத் திறக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. திரையரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கி உட்காரும் மனிதனின் காதுக்குள் இயக்குநர் வந்து விளக்கம் சொல்ல முடியாது. மூன்று மணி நேரத்தில் சொல்ல முடியாததை மூன்று பத்தி அறிக்கையில் சொல்லிவிட முடியும் என்றால் படம் எதற்கு?

அண்மைக் காலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். ‘இந்தியன் 2’ 2024 ஜூலையில் வெளியாகி எல்லாப் பக்கத்திலும் அடி வாங்கியது. சில நாட்களிலேயே படத்தில் பன்னிரண்டு நிமிடங்களைக் குறைத்தார்கள். பின்னர் இயக்குநர் ஷங்கர், எதிர்மறையான விமர்சனங்களைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார். அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘கங்குவா’வில் இரைச்சல் தாங்க முடியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னதும், ஒலியின் அளவைக் குறைக்கும்படி திரையரங்குகளிடம் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். இவையெல்லாம் விமர்சனம் சரி என்று ஒப்புக்கொள்ளும் செயல்கள். அப்படிச் செய்துகொண்டே, படம் வந்த முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை வழங்க மறுத்தது மிகவும் சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்த்தவனுக்குத் தன் கருத்தைச் சொல்ல உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

‘தக் லைஃப்’ பற்றி மணிரத்னம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தன்னிடமும் கமலிடமும் இன்னொரு ‘நாயகனை’ எதிர்பார்த்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த அளவோடு நிறுத்துவதுதான் ஒரு மூத்த கலைஞருக்கு அழகு.

குறும்படக்காரன் (கிளிநொச்சி)

பரந்தன் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் சிறிய அளவில் படம் எடுப்பவன், ஆகையால் இது எனக்குத் தூரத்து விடயமல்ல. வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை எந்தக் கலைஞருக்கும் நாம் விதிக்க முடியாது. கவிஞர் தன் தொகுப்புக்கு முன்னுரை எழுதுகிறார், நாடகக்காரர் மேடையேற்றம் முடிந்ததும் பார்வையாளரோடு உட்கார்ந்து கலந்துரையாடுகிறார். சினிமாக்காரர் மட்டும் ஏன் ஊமையாக இருக்க வேண்டும்? மணிரத்னத்தின் மன்னிப்பையும் நான் அப்படி அழகாகப் பார்க்கவில்லை. எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை என்பதற்காக ஓர் இயக்குநர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால், அடுத்த முறை அவர் எதிர்பார்ப்பை மட்டுமே படமாக எடுப்பார்.

சமாதான காலத்தில் இயக்குநர் மகேந்திரன் வன்னிக்கு வந்து இங்குள்ளவர்களுக்குத் திரைப்படப் பயிற்சி கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். ‘உதிரிப்பூக்க’ளை எடுத்த அந்த மனிதருக்கும் ஓடாத படங்கள் உண்டு. தோற்ற படத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கும் ஒருவரிடமிருந்துதான் மற்றவர்கள் தொழிலைக் கற்க முடியும். வெற்றியின் காரணத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை.

நான் சொல்ல வருவது, பதில் எதைப் பற்றியதாக இருக்கிறது என்பதே முக்கியம் என்பதைத்தான். “விமர்சகர் காசு வாங்கினார்”, “பார்வையாளருக்கு அறிவு போதாது”, “வெளிநாட்டில் எடுத்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள்” என்பவை படத்தைப் பற்றிய பதில்களல்ல. “இந்தக் காட்சியில் கமராவை இங்கே வைத்ததற்குக் காரணம் இதுதான், இந்தப் பாத்திரத்தைப் பேச வைக்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான்” என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்க நான் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குக்கூடப் போவேன். ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்கு அப்படிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழந்தமிழை ஒத்த ஒரு மொழியைப் பாத்திரங்களுக்குக் கொடுத்து, அதைப் பார்த்திபன் போன்ற ஒரு நடிகரின் வாயில் வைத்து, விளங்காமல் போய்விடுமே என்று அஞ்சாமல் ஒரு பெரிய முதலீட்டுப் படத்தை எடுத்த துணிவு அதில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதலாம்.

நந்திக்கடலோரம் (முல்லைத்தீவு)

இந்தப் படத்தை நான் பார்த்த விதத்தைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன். மீள்குடியேறிய புதிதில் எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் இல்லை. ஒரு வீட்டில் ஜெனரேற்றர் வைத்திருந்தார்கள், எண்ணெய்க் காசை எல்லோரும் பகிர்ந்தோம். முற்றத்தில் மேசை போட்டு, அதன்மேல் தொலைக்காட்சியை ஏற்றி, மழை வந்தால் மூடுவதற்கு ஒரு தறப்பாளையும் மடித்து வைத்திருந்தார்கள். இறுவட்டு இடையிடையே சிக்கிச் சிக்கி நின்றது. முதற் பாதியில் சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள், கார்த்தியின் பகிடிகளுக்கு எல்லோரும் சிரித்தோம். கனகராயன் அண்ணா சொல்வது உண்மைதான், இரண்டாம் பாதி தொடங்கியதும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, சிரிப்பும் நின்றுவிட்டது.

அதன் பிறகு, பிடிபட்ட குடிகளின் பெண்களைப் படையினர் வன்புணரும் காட்சி வந்தது. எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்த ஒரு பெண் எழுந்து போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் ஜெனரேற்றரை நிறுத்தும்படி சொன்னார், வேறொருவர் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். எழுந்து போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை.

அந்தக் காட்சியைப் பற்றி நான் பின்னர் விமர்சனங்களில் தேடிப் பார்த்தேன். வன்முறை அதிகம் என்று பொதுவாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இரசிகர்கள் அதே காட்சியை, “ஈழத்தின் வலியை இவரைப் போல் யாரும் சொல்லவில்லை” என்று புகழ்கிறார்கள். ஒரு பக்கம் அது அருவருப்பு, மறு பக்கம் அது வீர வணக்கம். அந்தப் பெண்களில் ஒருத்திக்குப் படத்தில் ஒரு பெயராவது என் நினைவில் நிற்கிறதா என்று யோசித்தேன், இல்லை. அரசனுக்குப் பெருமை இருக்கிறது, தூதனாகும் கார்த்தியின் முத்துவுக்குக் கடமை இருக்கிறது, தப்பிப் போகும் சிறுவனுக்கு எதிர்காலம் இருக்கிறது. அந்தப் பெண்கள் அரசன் தோற்றதற்கு அடையாளமாக மட்டுமே அங்கே கிடக்கிறார்கள்.

இயக்குநர் பதில் சொல்ல வேண்டிய இடம் 18 கோடியா 32 கோடியா என்பதல்ல. அந்தக் காட்சியை அப்படி எடுக்க வேண்டியிருந்ததா என்பதுதான் என் கேள்வி. அதற்கு அவரிடம் நல்ல பதில்கூட இருக்கலாம். ஆனால் கேள்வியை அவரிடம் கொண்டுபோக யாரும் இருக்கவில்லை.

புதுக்குடியிருப்பான் (ரொறன்ரோ)

அக்கா எழுதியதைப் படித்த பின்னர் உடனே பதில் எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் ஒரு காலக் கணக்கை இங்கே வைக்க வேண்டும், ஏனென்றால் அது இந்த விவாதத்தின் அடித்தளத்தைத் தொடுகிறது.

இந்தப் படத்தின் படப்பிடிப்பு 2007 இல் தொடங்கியது. சாலக்குடிக் காட்டிலும் ராஜஸ்தான் மணலிலும் ஹைதராபாத் அரங்கங்களிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. திரைக்கதை எழுதப்பட்டபோது வன்னியூடாகச் செல்லும் A9 வீதி மூடியிருந்தது உண்மைதான், ஆனால் கிளிநொச்சி விழுந்திருக்கவில்லை. முள்ளிவாய்க்கால் என்ற பெயர் எங்கள் ஊரவருக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே 2009 மே மாதத்தை மனத்தில் வைத்து அவர் இந்தக் கதையை எழுதினார் என்று சொல்வது காலத்தோடு பொருந்தாது. கதையின்படி பாண்டியர் படையெடுப்பில் 13 ஆம் நூற்றாண்டில் தப்பிய சோழ இளவரசனின் வழித்தோன்றல்கள் வியட்நாமை அண்டிய ஒரு தீவில் வாழ்கிறார்கள். அவர்களைத் தேடி வரும் அனிதா பழைய பாண்டிய வன்மத்தின் வாரிசு. தமிழரசுகள் இரண்டுக்கு இடையிலான பகை அது. எங்கள் கதை அப்படிப்பட்டதல்ல.

இதைச் சொல்வதால் நாங்கள் பார்த்தது பொய் என்று ஆகாது. இடம்பெயர்ந்த ஒரு சனம் தன் கதையை எங்கே கண்டாலும் அடையாளம் காணும். ஆனால் நாங்கள் கண்டுகொண்டதை இயக்குநரின் சாதனையாக எழுதி, அதையே அவருக்கான கேடயமாகவும் பிடிப்பது சரியல்ல. இங்கே ரொறன்ரோவில் சில நண்பர்கள், படத்தைக் குறை சொல்பவனை எங்கள் இழப்பையே குறை சொல்பவனாகப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் படத்தைப் பற்றி யாரும் எதுவும் பேச முடியாது. அக்கா கேட்ட கேள்வியையும் கேட்க முடியாது.

பரந்தன் சந்தி

புதுக்குடியிருப்புத் தம்பி சொன்ன கடைசி விடயத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். இயக்குநர் தன் படத்துக்காக வாதாடுவதைவிட, இரசிகர் அவருக்காக வாதாடுவது பல மடங்கு கேடானது. 2014 இல் ஈழப் போரைப் பற்றிய சந்தோஷ் சிவனின் ‘இனம்’ படத்துக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பு வந்ததும் முதலில் சில காட்சிகளை நீக்கினார்கள், பின்னர் சில நாட்களிலேயே விநியோகித்தவரான லிங்குசாமி படத்தையே திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் படம் எங்களைப் பிழையாகக் காட்டியதா இல்லையா என்பதை நாங்கள் பார்த்து முடிவு செய்வதற்கு முன்னரே எங்கள் பெயரால் முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஒரு படத்தை எங்கள் பெயரால் தூக்கிப் பிடிக்கிறார்கள், இன்னொரு படத்தை எங்கள் பெயரால் இறக்குகிறார்கள். இரண்டுக்கும் வன்னியில் யாரையும் கேட்கவில்லை.

பண்டார வீதி (வவுனியா)

நான் உயர்தரத்துக்கு வரலாறு கற்பிப்பவன். சோழர்களைக் காட்டுவாசிகளாகக் காட்டிவிட்டார் என்ற குறையைப் பற்றி மட்டும் சிறிது சொல்கிறேன். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலானோர் சொன்ன காரணத்துக்காக அல்ல. பெரிய கோயிலைக் கட்டிய பரம்பரையை இப்படிக் காட்டலாமா என்று கோபப்பட்டவர்கள், நூற்றாண்டுகளாக ஒளிந்து வாழ்ந்து, நிலத்தையும் வாணிகத்தையும் கல்வியையும் இழந்த ஒரு சமூகம் எப்படி மாறும் என்பதை யோசிக்கவில்லை. தோற்ற பின்னரும் அரண்மனை மிடுக்கோடு இருப்பவர்கள் சரித்திர நாவல்களில்தான் இருப்பார்கள். அந்த இடத்தில் இயக்குநரின் கற்பனை விமர்சகரின் பெருமிதத்தைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

எனக்குள்ள குறை வேறு. அழுக்கும் கறுத்த தோலும் கூக்குரலும் சேர்ந்தால் அது பழங்குடி என்ற சினிமாப் பழக்கத்தை அவர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். வன்னிக் காட்டோரக் கிராமங்களில் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த மூத்தவர்களை அறிந்தவன் நான். காட்டோடு வாழ்வது மனிதரை மூர்க்கராக்குவதில்லை. இதற்கு அவர் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் இந்த இழையின் மையம் நந்திக்கடலோரம் கேட்டதுதான் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

குறும்படக்காரன் (கிளிநொச்சி)

அக்காவின் கேள்வியை ஒரு படமெடுப்பவனாக எதிர்கொள்ள முயல்கிறேன். இயக்குநர் சார்பில் சொல்லக்கூடிய மிக வலிமையான பதில் இதுவாக இருக்கும்: “நடந்த கொடுமையைப் பார்வையாளர் வசதியாகப் பார்க்கக் கூடாது, அவர் நெளிய வேண்டும், எழுந்து போக வேண்டும், அதற்காகவே அப்படி எடுத்தேன்.” இந்தப் பதிலை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். போர்க் கொடுமையை அழகாக ஒளியமைத்து, மெல்லிய இசை போட்டு, ஒரு பூ விழுவதாகக் காட்டும் படங்களைப் பார்த்து எனக்குச் சினம் வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பதில் யாரை நெளிய வைப்பதற்கு? சென்னையில் குளிரூட்டிய அரங்கில் இருப்பவரை நெளிய வைக்க எடுத்த காட்சி, முல்லைத்தீவில் பாயில் இருந்த பெண்ணை எழுந்து போக வைத்தது. இருவரும் ஒரே காரணத்துக்காகக் கண்ணைத் திருப்பவில்லை. படமெடுப்பவனுக்கு அங்கே தெரிவுகள் இருக்கின்றன. கமரா தாக்குபவனின் தோளுக்குப் பின்னால் நிற்கலாம், தூரத்தில் நின்று முழுக் கூட்டத்தையும் பார்க்கலாம், அல்லது அந்தப் பெண்ணின் முகத்தோடு நின்று அவள் பார்ப்பதை மட்டும் காட்டலாம். சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு உருவத்தை வெட்டவும் முடியும். முக்கியமாக, அதற்கு முன்னால் ஏதோவொரு காட்சியில் அவளைத் தண்ணீர் அள்ளவோ பிள்ளையை அதட்டவோ விட்டிருந்தால், பின்னர் அவளுக்கு நேர்வது ஒரு மனுசிக்கு நேர்வதாக இருந்திருக்கும். இவை எவற்றுக்கும் கோடிகள் தேவையில்லை. முன்னைய பதிவில் நான் புகழ்ந்த அதே துணிவு இந்த இடத்தில் இருக்கவில்லை என்பதுதான் என் மதிப்பீடு. படத்தை நான் இன்னும் நேசிக்கிறேன், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நந்திக்கடலோரம் (முல்லைத்தீவு)

நன்றி தம்பி. “எழுந்து போக வேண்டும் என்பதற்காகவே எடுத்தேன்” என்று அவர் உண்மையாகவே சொன்னால், அதை நான் ஏற்க மாட்டேன், ஆனாலும் அது ஒரு பதில். படத்தின் பெயரைக் கேட்டவுடன் “தலைசிறந்த படைப்பு, அன்று உங்களுக்குப் புரியவில்லை” என்று சொல்லிக் கடந்து போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கனகராயன் (மாங்குளம்)

எல்லோருக்கும் நன்றி. படத்தைப் பற்றிய பொதுக் கருத்து மாறிவிட்டது என்பது இன்று தெளிவு. 2020 இன் கடைசி நாளில் அதைத் தமிழ்நாட்டில் மீண்டும் திரையிட்டபோது சனம் கொண்டாடியது. மறுநாளே இரண்டாம் பாகத்தை 2024 இல் வெளியிடுவதாக அறிவித்தார்கள், அந்த ஆண்டும் படம் வராமலே போய்விட்டது. அன்று திட்டிய பலர் இன்று அதைக் காலத்தை முந்திய படம் என்கிறார்கள். இந்தக் கொண்டாட்டத்தால் இயக்குநருக்கு இனி எதற்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. திட்டியதற்கு வசூலைச் சொன்னார், கொண்டாட்டத்துக்குக் கைகூப்புகிறார், இரண்டிலும் முல்லைத்தீவு அக்காவின் கேள்வி வெளியே நிற்கிறது.

பரந்தன் அண்ணாவின் மௌன விதியை நான் ஏற்கவில்லை. பேச வேண்டும், விமர்சகரைப் பற்றியல்லாமல் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்ற குறும்படக்காரத் தம்பியின் பக்கமே நிற்கிறேன். புதுக்குடியிருப்பார் சொன்ன காலக் கணக்கைப் படித்த பின்னர், “எங்களுக்காக எடுத்த படம்” என்று இனி எங்கும் எழுத மாட்டேன். இரண்டாம் பாகம் எப்போதாவது வருமானால் அது தப்பிப்போன அந்தச் சிறுவனின் கதையாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பிடிபட்ட பெண்களில் உயிரோடு எஞ்சியவர்கள் அதில் வருவார்களா, வந்தால் பேசுவார்களா என்பதை நான் பார்ப்பேன்.

யாராவது இயக்குநரை நேர்காணல் செய்யும் வாய்ப்புள்ளவர்கள் இதைப் படித்தால், நந்திக்கடலோரத்தின் பதிவில் உள்ள கேள்வியை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எழுதியவரின் பெயரைக் கேட்க வேண்டாம்.